உங்கள் ஊர் அங்கன்வாடி தரமானதா? பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

ஒரு தாய் எழுதிக் கேட்ட கேள்வி இது: இரண்டரை வயதுப் பெண் குழந்தை. தெருமுனையிலேயே அங்கன்வாடி இருக்கிறது. வேன் அனுப்பி அழைத்துப்போகும் தனியார் நர்சரி பக்கத்து ஊரில் இருக்கிறது. மாமியார் "பால்வாடியே போதும்" என்கிறார், கணவரோ "அங்கே சோறு போட்டுத் தூங்கவைப்பாங்க, அவ்வளவுதான்" என்கிறார். அந்த மையம் நல்ல மையமா என்று ஒரு தாய் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நான் இந்தத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் உண்டு. ஒரே ஒன்றியத்தில் அடுத்தடுத்த இரண்டு ஊர் மையங்களுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். அதனால் "அங்கன்வாடி நல்லதா" என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் தெருமுனை மையத்தை நீங்களேதான் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: டீச்சருக்குப் பிள்ளைகளோடு இருக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார். சுவரில் வரைந்த யானையும் மயிலும் அழகுதான். ஆனால் அதைத் தாண்டி உள்ளே போய் உட்காருங்கள். காலை பத்து மணிக்குப் போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். "பாப்பாவைச் சேர்க்கலாம்னு இருக்கேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா டீச்சர்?" என்று கேளுங்கள். நல்ல மையத்தில் உடனே பாய் விரித்துக் கொடுப்பார்கள். பதினொன்றரை வரை இருங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகளின் குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கைகட்டி, வாய்பொத்தி, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இருபது குழந்தைகளைப் பார்த்து "என்ன ஒழுங்கு!" என்று மகிழ்ந்துபோகும் பெற்றோர் உண்டு. எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். மூன்று வயதுப் பிள்ளை பேச வேண்டும், ஓட வேண்டும், எதையாவது கவிழ்க்க வேண்டும். நம் மாநில அங்கன்வாடிகளுக்கென்று உருவான முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று நாளை நகர்த்துவதுதான் அதன் அமைப்பு. அது நடக்கிற மையத்தில் நுழைந்ததுமே தெரிந்துவிடும். ஒரு மூலையில் நாலு பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் புளியங்கொட்டையையும் சோழியையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும். ஐந்து வயது அக்கா மூன்று வயதுத் தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். டீச்சர் தரையில் இருப்பார். இதை நான் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்வேன். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

டீச்சர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்பதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். "இது என்ன கலர்?" என்று கேட்டுப் பிள்ளைகள் "செவப்பு" என்று கத்தினால் அது ஒரு வகை. "நேத்து மழை பெஞ்சப்போ உங்க வீட்டு ஆடு எங்க போச்சு?" என்று கேட்டு, அந்தப் பிள்ளை திக்கித் திணறி நாலு வாக்கியம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் அது வேறு வகை. இரண்டாவதில்தான் மொழி வளர்கிறது. எந்த விளக்கப்படமும் அதற்கு ஈடாகாது.

புதிதாகச் சேர்ந்து அழுகிற பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கதவைச் சாத்தி "அழுது ஓய்ஞ்சிடும், நீங்க போங்க" என்று தாயை விரட்டும் மையமும் உண்டு. முதல் சில நாள் அம்மாவோ பாட்டியோ கூடவே உட்காரட்டும் என்று விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பழக்கும் மையமும் உண்டு. இதற்குப் பணமோ கட்டடமோ தேவையில்லை, மனசுதான் வேண்டும்.

டீச்சரின் நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அனுபவம் மட்டுமல்ல. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே பெரிய அளவில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். வேறெந்தப் பெரிய மாற்றமும் இல்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து வந்த பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிட மொழியில் 0.46, கணக்கில் 0.29 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை வைத்து வித்தியாசத்தை அளக்கும் அலகு) முன்னே இருந்தார்கள். கல்விச் சோதனைகளில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அதோடு வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைவாக இருந்தார்கள். பாடத்துக்கு ஒருவர் வந்ததும் பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் சத்துணவு வேலையைக் கவனிக்கவும் நேரம் கிடைத்தது என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி. கை ஒன்று கூடினால் படிப்பும் உயர்கிறது, உடம்பும் தேறுகிறது.

ஒரு சாதாரண அங்கன்வாடி டீச்சரின் நாள் எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். வருகை, உணவு, எடை எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடக்க வேண்டும். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பட்டியல், வீட்டுப் பார்வை என்று ஒவ்வொன்றாக வரும். பல இடங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அவர் தலையில்தான். நடுவில் பணியிடங்கள் காலி. 2025-இல் அரசு பணியாளர், குறுமையப் பணியாளர், உதவியாளர் எனச் சேர்த்து 7,783 இடங்களை நிரப்ப அறிவிப்பு விட்டது. அத்தனை இடம் காலியாகக் கிடந்தபோது பக்கத்து மைய டீச்சர்தான் அதையும் 'பொறுப்பு' பார்த்தார். இரண்டு மையம் பார்க்கிற டீச்சரிடம் போய் "ஏன் பாட்டுச் சொல்லித்தரலை?" என்று கேட்பது நியாயமே இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டீச்சர், உங்களுக்கு இந்த ஒரு சென்டர்தானா, பொறுப்பும் இருக்கா? ஆயா போஸ்ட் நிரப்பியிருக்கா?" உதவியாளர் இல்லாத மையத்தில் டீச்சரே சமைப்பார். அப்போது காலை நேரம் முழுக்க அடுப்படியில் போய்விடும். இந்த ஒரு பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போது சோறு. உங்கள் கணவர் அதை இளக்காரமாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கமாட்டேன். 1982 ஜூலை 1-இல் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்தே சின்னப் பிள்ளைகளுக்கும் அது சேர்த்தே வந்தது. இன்று அந்தச் சோறு சட்டப்படியான உரிமை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று முதலில் வரையறுத்தது. நம் மாநிலத்தில் கலவை சாதமும் முட்டையும் தருகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சோறு இருக்கிறதா என்பதைவிட, சாப்பாட்டு வேளை எப்படி நடக்கிறது என்பதை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுகிறார்களா? முட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுசாக வருகிறதா? மெல்ல மெல்லச் சாப்பிடும் பிள்ளையின் பக்கத்தில் ஆயா உட்கார்ந்து ஊட்டுகிறாரா, தட்டைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிடுகிறாரா? சுணங்கிச் சாப்பிடும் பிள்ளைதான் பெரும்பாலும் எடை குறைந்த பிள்ளை. அதற்காகக் காத்திருக்கிற ஆயாவைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்து, பெரும்பாலான பெற்றோர் கண்டுகொள்ளாத பகுதி. அங்கன்வாடி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் மட்டும் கிடையாது, குடும்பத்துக்கான மையமும் அதுதான். 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அதில் பயனாளிகள். அதற்குச் சில ஆண்டு முன்பு, 1972-இல், மீனா சுவாமிநாதன் தலைமையில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. குழந்தையின் சாப்பாடு, உடல்நலம், படிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்ற பார்வை அங்கிருந்து வந்ததுதான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவைக் குறைந்தது 90 நாள் கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். தாயை உட்காரவைத்து அட்டையைக் காட்டி, "போன மாசம் இங்க இருந்துச்சு, இந்த மாசமும் இங்கேயேதான் இருக்கு, நடுவுல காய்ச்சலா?" என்று பேசுவதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிற மையம்தான் என் கண்ணில் முதல் தர மையம்.

எடை போடும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எடை மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, செருப்பையும் தடித்த துணியையும் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையை நிறுத்த வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள் இருக்கும். பச்சையில் புள்ளி விழுந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கோடு மேலே ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். பச்சையிலேயே இருந்தாலும் இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால் அதை அப்போதே கவனிக்க வேண்டும். கடும் குறைபாடு சந்தேகம் இருந்தால் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகக் கவனிக்கத்தான் 2022-இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் வந்தது.

இதெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கு, நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ரத்தசோகை 57 விழுக்காடு. பாதிக்கு மேல் என்றால் அதில் பிஸ்கட்டும் டீயும் தாராளமாகக் கிடைக்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்து ஊட்டச்சொல்லி மையத்தில் தரும் சத்துமாவு விஷயத்திலேயே ஒரு மையத்தை எடைபோட்டுவிடலாம். பாக்கெட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற ஊரில் அந்த மாவு மாட்டுத் தொட்டிக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். தாய்மார்களைத் திட்டிப் பயனில்லை. பிள்ளை அதைத் துப்புகிறது, எப்படிச் செய்வதென்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். நல்ல டீச்சர் வீட்டுக்கே வந்து அடுப்படியில் நின்று கொழுக்கட்டை பிடித்துக் காட்டுவார், கொஞ்சம் நெய் விட்டு உருண்டை பிடிக்கச் சொல்வார். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார், ஏனென்றால் பல வீடுகளில் ஆறாம் மாதம் பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். உங்கள் தெருவில் பிரசவமான பெண்களிடம் கேளுங்கள்: "டீச்சர் வீட்டுக்கு வந்தாங்களா? வந்து என்ன பேசினாங்க?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை எந்த ஆய்வு அறிக்கையைவிடவும் நான் நம்புவேன்.

இன்னொன்று, பேச்சு தாமதமாகும் பிள்ளைகள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை "ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவோம். தினமும் இருபது பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சருக்கு வித்தியாசம் தெரியும். அதைத் தாயிடம் பக்குவமாகச் சொல்லி, முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க அனுப்ப வேண்டும். பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் குறை கண்டுபிடித்த பிள்ளைகளை, வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். "கடைசியா டாக்டர் டீம் எப்ப வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை ஒன்றாவது அந்த மையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று சாதி. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, சமைப்பவர் எந்தத் தெருக்காரர் என்பதைப் பார்த்துப் பிள்ளையை அனுப்பாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெரு மையத்துக்கு வரத் தயங்குகிற ஊர்களும் இருக்கின்றன. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடாத மையம், டைல்ஸ் போட்டிருந்தாலும் ஸ்மார்ட் டிவி வைத்திருந்தாலும் தரமான மையம் ஆகாது. மூன்று வயதில் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அங்கேதான். இதில் டீச்சரின் நிலைப்பாடு என்ன என்று கவனியுங்கள், உங்கள் நிலைப்பாட்டையும் சேர்த்தே.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரியும். சுற்றுச்சுவர், கேட், மூடிய தண்ணீர்த் தொட்டி, பிள்ளை உட்காரத் தோதான கழிப்பறையும் அதில் தண்ணீரும், ஒழுகாத கூரை, பிள்ளைகளுக்கு எட்டாத அடுப்பு. மாலையில் யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்களா, தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

நர்சரியோடு ஒப்பிடுவது பற்றி. பிரீ-கேஜியில் இரண்டரை வயதுப் பிள்ளை பென்சில் பிடித்து 'ஏ' எழுதுவதைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப்போகிறார்கள். அந்த வயதில் விரல் தசைகள் அதற்குத் தயாராகவில்லை. களிமண் பிசைவதும், காகிதம் கிழிப்பதும், மணி கோப்பதும்தான் பின்னாளில் எழுதப்போகும் விரலைத் தயார்செய்யும். ஆங்கில எழுத்துக்காக வேனில் தினமும் அலைக்கழிக்கப்படுவதற்கு ஒரு இரண்டரை வயதுக் குழந்தை கொடுக்கும் விலை அதிகம். இதைத் திடமாகவே சொல்கிறேன். நான்கு வயதில் எல்கேஜி வேண்டும் என்று தோன்றினால், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019-இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதே சமயம், நீங்கள் போய்ப் பார்த்த அங்கன்வாடியில் டீச்சரே இல்லை, பிள்ளைகளை ஆயா மட்டும் உறங்கவைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், நர்சரியைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. உங்கள் பிள்ளையின் வயது யாருக்காகவும் காத்திருக்காது.

ஆனால் விலகிப்போவதற்கு முன் ஒரு முயற்சி செய்யுங்கள். அந்த ஊரில் வேன் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை. டீச்சர்மேல் புகார் எழுதுவதிலிருந்து தொடங்காதீர்கள். மதிப்பூதியத்தில் வேலை பார்க்கிற பெண்கள் அவர்கள். பணிக்கொடை கிடைப்பதற்கே உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நாலு தாய்மார் சேர்ந்து டீச்சரிடமே "என்ன குறையுது?" என்று கேளுங்கள். காலிப் பணியிடம், கேஸ், கழிப்பறைத் தண்ணீர், விளையாட்டுச் சாமான் என்று பட்டியல் வரும். அதில் ஊராட்சி செய்யக்கூடியதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதவையுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. பணியிடம் பற்றியதை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் குடியிருப்பில் மையமே இல்லை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருக்கிறார்கள் என்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டியே மனு எழுதலாம்.

எந்த முடிவெடுத்தாலும் பாப்பாவின் பெயரை அங்கன்வாடியில் பதிந்து வையுங்கள். நர்சரிக்குப் போகிற பிள்ளைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு, குடற்புழு மாத்திரை, எடை எல்லாம் அங்கே உண்டு. கிராம சுகாதார செவிலியர் எந்த நாளில் வருவார் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு பாப்பாவோடு போங்கள், முடிந்தால் உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு.